பணமரமும் ஏழு கதிர்களும்: சிறார்க்குப் பொருளியல் கற்பித்தல்

நம் இல்லங்களில் ஒரு குழந்தை தனக்கென்று பெறும் முதற்பணம் பெரும்பாலும் பெருநாள் காசுதான். தொழுகை முடிந்து திரும்பும் பாட்டனாரும் மாமாக்களும் சாச்சாக்களும் புதுத் தாளாகத் தேர்ந்து குழந்தையின் கையில் வைப்பர். பிற்பகலுக்குள் அதில் ஒரு பகுதி பலூனாகவும் பஞ்சு மிட்டாயாகவும் மாறிவிடும். எஞ்சியதை, "உம்மாவிடம் கொடு, பத்திரமாக வைத்துத் தருகிறேன்" என்று தாய் வாங்கி வைப்பார். அவ்வாறு வைத்தது திரும்பி வந்ததாக நினைவுகூரும் பிள்ளைகள் மிகச் சிலரே.

இதனை நாம் வேடிக்கையாகப் பேசிச் சிரிப்பது வழக்கம். மார்க்கச் சட்ட நோக்கிலோ இது சிரிப்பிற்குரியதன்று. குழந்தைக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்ட பொருள் குழந்தைக்கே உடைமை. பெற்றோர் அதன் பாதுகாவலர் மட்டுமே. வறுமையுற்ற தந்தை தம் தேவைக்கேற்பப் பிள்ளையின் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ளச் சட்ட நூல்கள் இடம் தருகின்றன. மறதியால் செலவழித்துவிட அவை இடம் தரவில்லை. ஆக, பணத்தைப் பற்றி நாம் நம் பிள்ளைகளுக்கு அளிக்கும் முதற்பாடமே ஓர் அமானிதம் திரும்பி வராத பாடமாக அமைந்துவிடுகிறது.

சிறார்க்குப் பணத்தையும் பொருளியலின் அடிப்படைகளையும் படக்கதை நூல்கள் வாயிலாகக் கற்பிக்கும் முயற்சி இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. நம் நாட்டிலும் நடைபெறுகிறது. அந்நூல்களை நாம் வாங்குவதுமில்லை, அவற்றுக்கு மாற்றாக நமக்குரியவற்றை ஆக்குவதுமில்லை. வட்டி என்னும் சொல் அவற்றில் வருகிறதே என்னும் தயக்கம் இதற்கு ஒரு காரணம். அந்தத் தயக்கமே நாம் இத்துறையில் இறங்குவதற்கான காரணமாக அமைய வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருமறை விதித்த தேர்வு

பிள்ளைகளின் பொருளறிவு பற்றிய அடிப்படை வசனங்கள் சூரத்துன் நிஸாவின் தொடக்கத்திலேயே உள்ளன. வாழ்வுக்கு ஊன்றுகோலாக அல்லாஹ் ஆக்கித் தந்த செல்வத்தை விவேகமற்றோரிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று ஐந்தாம் வசனம் தடுக்கிறது. அடுத்த வசனம், அநாதைகள் மணப் பருவத்தை எய்தும் வரை அவர்களைச் சோதித்துவருமாறும், அவர்களிடம் 'ருஷ்து' எனப்படும் நிதானமான பொருளறிவு காணப்படின் அவர்தம் செல்வத்தை அவர்களிடமே ஒப்படைத்துவிடுமாறும், ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் பணிக்கிறது. இங்கு மூன்று செய்திகள் ஊன்றி நோக்கத்தக்கவை. வயது மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பது ஒன்று. அவ்வறிவு உண்டா என்பதைப் பெரியவர்கள் சோதித்து அறிய வேண்டும் என்பது மற்றொன்று. பெரியவர்களே கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்பது மூன்றாவது.

இச்சோதனையை எவ்வாறு நடத்துவது? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் (இறப்பு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) தம் 'மின்ஹாஜ்' நூலில் இதற்கு வியக்கத்தக்க விளக்கம் தருகிறார்கள். வணிகனின் பிள்ளையை வாங்கல் விற்றலிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். உழவனின் பிள்ளையை வேளாண்மையிலும், வேலையாட்களுக்குச் செலவிடும் முறையிலும் சோதிக்க வேண்டும். கைவினைஞரின் பிள்ளைக்கு அவரவர் தொழிலே தேர்வுக்களம். பெண்மக்களை நூல் நூற்றல், பஞ்சு முதலியவற்றிலும், உணவுப் பொருளைப் பூனை போன்றவற்றிடமிருந்து காத்து வைப்பதிலும் சோதிக்க வேண்டும். ஒருமுறை வென்றால் போதாது. இரண்டு முறையேனும் திரும்பச் சோதிக்க வேண்டும். காலமோ பருவமடைவதற்கு முன்னர். ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இப்பத்தியைப் பாடத்திட்டம் என்று அழைப்பதில் தவறில்லை. பூனையை நினைவிற்கொண்டு எழுதிய அந்த மேதைக்கு அடுக்களையும் ஒரு பொருளியல் களமாகத் தோன்றியிருக்கிறது.

சிறுவன் செய்யும் விற்பனை செல்லுமா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் அது செல்லாது. எனவே பேரத்தைச் சிறுவன் பேச, ஒப்பந்தத்தை வலீ முடித்துவைக்க வேண்டும் என்பதே அம்மத்ஹபின் வலுவான கருத்து. ஹனஃபி மத்ஹபில், நன்மை தீமை பிரித்தறியும் பருவத்துப் பிள்ளை செய்யும் கொடுக்கல் வாங்கல் வலீயின் இசைவைச் சார்ந்து நிற்கும். அன்பளிப்பைப் பெறுவது போன்ற முழு நன்மையானவை இசைவின்றியே செல்லும். தன் பொருளைப் பிறர்க்கு வழங்குவது இசைவிருந்தும் செல்லாது. வேறுபாடு இருப்பினும் பிள்ளையைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்று பழக்க வேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

அரபிக் கல்லூரியில் பல்லாண்டுகளாகக் 'கிதாபுல் புயூஃ' பாடம் நடத்தி வருபவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பணம் கொடுத்துச் செய்யும் 'ஸலம்' விற்பனையின் நிபந்தனைகளைப் பதினேழு வயது மாணவர் தடையின்றி ஒப்புவிப்பார். வங்கிக் கணக்கேட்டைக் கையில் கொடுத்து வரவு எது, பற்று எது என்று கேட்டால் திகைப்பார். குறை மாணவருடையதன்று. இமாம் நவவி சொன்ன வயதில் நாம் தேர்வை நடத்தவில்லை. பாடத்தை மட்டும் பின்னால் நடத்துகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத பணம்

முந்தைய தலைமுறைக்கு இப்பயிற்சி தானாகவே கிடைத்தது. கடைக்கு அனுப்பப்பட்ட சிறுவன் கையில் காசு இருந்தது. மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வர வேண்டியிருந்தது. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் நூறு பைசா கொண்ட ரூபாய் வருவதற்கு முன், 16 அணாவும் 64 பைசாவும் 192 தம்பிடியும் ஒரு ரூபாய் என்று வாய்பாடாகவே கற்றனர். பள்ளிகளில் சஞ்சாயிகா சிறுசேமிப்பும், வீட்டில் மண் உண்டியலும் இருந்தன.

இன்றைய குழந்தை காண்பது வேறு. 2016இல் யு.பி.ஐ. வந்தபின், பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவில் மீன் வாங்கும் தந்தை கைப்பேசியைக் கட்டத்தின்முன் காட்டுகிறார். ஒலிபெருக்கி தொகையைச் சொல்கிறது. மீன் பையில் விழுகிறது. பணம் கைமாறுவதும் குறைவதும் குழந்தையின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. "வாப்பா, போன்ல வாங்கிக்குங்க" என்று நான்கு வயதுக் குழந்தை கூறுவது குறும்பன்று. தான் கண்டதிலிருந்து அது எடுத்த நேர்மையான முடிவு. முன்பு நாணயம் செய்த வேலையை இன்று படம் செய்ய வேண்டியிருக்கிறது. படக்கதை நூல்களின் தேவை இங்கிருந்தே எழுகிறது.

படத்தின் பணி

சிறார்க்குப் படத்தோடு பாடம் சொல்லும் நூல்களின் முன்னோடியாகக் கருதப்படுவது, கொமீனியஸ் என்னும் கல்வியாளர் 1658இல் நியூரம்பெர்கில் வெளியிட்ட 'ஆர்பிஸ் பிக்டஸ்'. உலகைப் படங்களாக்கிக் காட்ட முனைந்த அந்நூலில் தொழில்களுக்கும் இடமுண்டு. பொருளின் பெயரை மட்டும் கற்பிக்காமல், அதனை ஆக்கும் கையையும் கருவியையும் காட்டுவதே அத்தகைய படங்களின் சிறப்பு.

இவ்விடத்தில் உருவப்படம் பற்றிய வினாவைத் தாண்டிச் செல்ல இயலாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாக இருந்தபோது பொம்மைகளை வைத்து விளையாடியதும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததும் ஆதாரபூர்வமான நபிமொழிகளில் வந்துள்ளன. அவற்றுள் சிறகுடைய குதிரைப் பொம்மை ஒன்றும் இருந்ததாக அபூதாவூத் பதிவு செய்கிறது. இவ்விலக்கு எதற்காக என்று ஆராய்ந்த அறிஞர்கள், சிறுமியரைச் சிறு வயதிலேயே இல்லப் பொறுப்புகளில் பழக்குவதற்காக என்று காரணம் கூறியுள்ளனர். பயிற்சியே அதன் காரணமெனில், பயிற்சிக்கான படநூலும் அதனை ஒத்ததே என்பது இக்கால அறிஞர் பலரின் முடிவு. இறைத்தூதர்களின் உருவத்தை வரைவது மட்டும் எந்நிலையிலும் தவிர்க்கப்பட வேண்டியது. அதற்கு ஓர் எளிய வழி உண்டு, பின்னர்க் காண்போம்.

பிறமொழிகளில் வெளிவந்தவற்றுள் இரண்டைச் சுட்டலாம். வேரா வில்லியம்ஸ் எழுதி வரைந்து 1982இல் வெளியான அமெரிக்க நூல் 'அம்மாவுக்கு ஒரு நாற்காலி' என்று பொருள்படும் தலைப்புடையது. தீயில் வீட்டுப் பொருள்களை இழந்த ஒரு சிறுமி, உணவகத்தில் வேலை செய்யும் தாய், பாட்டி ஆகிய மூவரும் ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில் காசு சேர்க்கின்றனர். தாய்க்குக் கிடைக்கும் அன்பளிப்புச் சில்லறை, சிறுமி உதவி செய்து பெறும் கூலியில் பாதி, காய்கனி மலிவாகக் கிடைத்தபோது பாட்டி மிச்சப்படுத்தியது என எல்லாமே அதில் விழுகின்றன. சாடி நிறைந்ததும் மூவரும் சேர்ந்து ஒரு நாற்காலி வாங்குகின்றனர். கதை அவ்வளவே. அச்சாடியில் விழுந்த ஒவ்வொரு காசும் யாருடைய உழைப்பு என்று படிக்கும் குழந்தைக்குத் தெரியும். சாடி தானாக ஒரு காசும் ஈனவில்லை.

மற்றொன்று கேட்டி ஸ்மித் மில்வே எழுதி 2008இல் வந்த 'ஒரு கோழி' என்னும் பொருளுடைய நூல். களம் ஆப்பிரிக்க நாடான கானா. சிற்றூர்க் குடும்பங்கள் சேர்ந்து பணம் திரட்டி முறைவைத்துக் கடன் கொடுத்துக்கொள்கின்றன. தாய் வாங்கிய கடனில் எஞ்சிய சில காசுகளைக் கொண்டு கோஜோ என்னும் சிறுவன் ஒரு கோழி வாங்குகிறான், முட்டை விற்கிறான், கடனை அடைக்கிறான், கோழிகள் பெருகுகின்றன. பிற்பகுதியில் வங்கிக் கடனும் வருகிறது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். ஆயினும் முற்பகுதியில் அமைந்த ஊர்க்கூட்டு முறை, நம் ஊர்களின் பைத்துல்மால்கள் வழங்கும் 'கர்ளன் ஹஸனா' என்னும் அழகிய கடனுக்கு நெருங்கிய உறவுடையது. நம் பைத்துல்மால்கள் பலரைக் கந்துவட்டியிலிருந்து மீட்டுள்ளன. அக்கதைகளுள் ஒன்றேனும் சிறார் நூலாகி எம் பார்வைக்கு வந்ததில்லை.

பணமரம்

இந்தியாவில் இத்துறையில் குறிப்பிடத்தக்க முயற்சி பாரத ரிசர்வ் வங்கியுடையது. 2007 நவம்பர் 14, குழந்தைகள் நாளன்று, அவ்வங்கி நிதிக் கல்விக்கெனத் தனி இணையப் பகுதியைத் தொடங்கிப் படக்கதைகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று ராஜூ என்னும் சிறுவனையும் ஒரு பணமரத்தையும் தலைப்பிற்கொண்டு, வங்கிச் சேமிப்பை எளிமையாக அறிமுகம் செய்கிறது. 'மணி குமார்' என்னும் பாத்திரத்தைக் கொண்ட கதைகள் மைய வங்கியின் பணிகளையும், பணத்தாள்களைப் பேணும் முறையையும் விளக்குகின்றன. அரசுசார் நிறுவனம் ஒன்று சிறாரை மனத்திற்கொண்டு படம் வரையச் செய்தது பாராட்டிற்குரியது. அதில் உள்ள பெரும்பகுதி நம் பிள்ளைகளும் அறிய வேண்டியதே.

நம் சிந்தனைக்குரியது 'பணமரம்' என்னும் உருவகம். விதைத்தால் மரமாகும், மரம் காய்க்கும். அதுபோல வங்கியில் இட்டால் பணம் வளரும் என்பது உலகெங்கும் சிறார்க்குக் கூறப்படும் பாடம். ஆனால் மரத்திற்கு வேர் உண்டு, நீர் ஊற்றுவார் உண்டு, பூச்சியும் புயலும் உண்டு. 2011 டிசம்பர் இறுதியில் வீசிய 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தில் எத்தனை முந்திரி மரங்களையும் பலா மரங்களையும் சாய்த்தது என்பதை நம் பகுதி உழவர் மறந்திரார். உண்மையான மரம் காய்க்காமலும் போகலாம், விழுந்தும் போகலாம். ஒருபோதும் பொய்க்காமல், குறித்த நாளில் குறித்த அளவு காய்க்கும் மரம் எங்கும் இல்லை. அப்படி ஒன்று காய்க்குமாயின் யாரோ ஒருவர் வேறு எங்கோ அதற்கு நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார் என்பது பொருள். வங்கி நமக்குத் தரும் வட்டி, வங்கியிடம் கடன்பட்டவர் செலுத்தும் வட்டியிலிருந்து வருகிறது. படத்தில் அந்த மனிதரைக் காணோம்.

வணிகமும் வட்டியைப் போன்றதுதானே என்று அக்கால மக்கள் வாதிட்டதைத் திருமறையே (2:275) எடுத்துரைத்து மறுக்கிறது. இரண்டிலும் பத்து பதினொன்றாகிறது. பிறகு ஒன்று ஹலாலாகவும் மற்றொன்று ஹராமாகவும் இருப்பது ஏன் என்று எட்டு வயதுப் பிள்ளையும் கேட்கக்கூடும். "ஹராம், பேசாதே" என்பது விடையாகாது. விடையைப் படமாகவே காட்டலாம். அதற்குரிய காட்சி நம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது.

அன்னங்கோயில் இறங்குதளத்திலிருந்து ஒரு படகு கடலுக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். படகு, வலை, டீசல் ஆகிய செலவுகளுக்காக இருவர் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுக்கின்றனர். முதலாமவர், "மீன் கிடைத்தால் விற்ற இலாபத்தில் எனக்கும் பங்கு, கிடைக்காவிட்டால் என் பணத்திற்கு நேர்ந்த இழப்பு என்னுடையது" என்கிறார். இரண்டாமவர், "மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எனக்குப் பதினோராயிரம் தந்துவிடு" என்கிறார். நூலின் ஒரு பக்கத்தில் படகு நிறைந்த மீனோடு திரும்புகிறது. கரையில் இருவரும் மகிழ்ச்சியாக நிற்கின்றனர். இப்பக்கத்தில் இருவருக்கும் இடையே எவ்வித வேறுபாடும் தெரியாது. பக்கத்தைப் புரட்டினால் படகு வெறுமையாகத் திரும்புகிறது, வலை கிழிந்திருக்கிறது. முதலாமவர் மீனவரோடு சேர்ந்து கிழிந்த வலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் பணத்தை இழந்தார். அவர்கள் உழைப்பை இழந்தனர். இரண்டாமவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

வட்டிக்கும் வணிகத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டாம் பக்கத்தில்தான் தெரியும். முதற்பக்கத்தோடு நூலை மூடிவிடுவதே பணமரக் கதைகளின் குறை. கூட்டு முதலீடான முளாரபாவின் இலக்கணத்தைப் பின்னாளில் அரபு நூலில் கற்கும் மாணவனுக்கு அந்தக் கிழிந்த வலை நினைவுக்கு வருமாயின் பாதிப் பாடம் முடிந்தது. இக்கடற்கரையில் பங்கு முறை இன்றும் வழக்கில் உள்ளது என்பதால் பிள்ளைகளுக்கு இது கற்பனைக் கதையாகவும் தோன்றாது.

வளர்ச்சிக்குத் திருமறை தரும் படம் வேறொன்று. இறைவழியில் செலவிடப்படும் பொருள், ஏழு கதிர்களை முளைப்பித்து ஒவ்வொரு கதிரிலும் நூறு மணிகளைத் தாங்கும் ஒரு வித்துக்கு உவமை கூறப்படுகிறது (2:261). அதே தொடரில் சற்றுப் பின்னர், வட்டியை அல்லாஹ் தேய்த்துவிடுகிறான், தர்மங்களை வளர்க்கிறான் என்னும் கருத்து வருகிறது (2:276). ஒரு பக்கத்தில் பணமரம், எதிர்ப்பக்கத்தில் ஏழு கதிர்கள் என்று வரைந்தால், எது யாருடைய வியர்வையில் வளர்கிறது, எதன் பலன் யாரைச் சேர்கிறது என்று பிள்ளையோடு உரையாட முடியும்.

கேளாத கேள்வியின் விலை

இவ்வளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வியைச் சிறு வயதில் கற்காத சமுதாயம் பெரிய வயதில் என்ன விலை கொடுக்கிறது என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. பெங்களூரில் இயங்கிய ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம், வட்டியில்லாத ஹலால் முதலீடு என்று கூறி மாதந்தோறும் இலாபப் பங்கு வழங்கி வந்தது. முதலிட்டோரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2019 ஜூனில் நிறுவனர் வெளிநாடு சென்றுவிட, பல்லாயிரக்கணக்கானோர் காவல்துறையில் முறையிட்டு நின்றனர். மகளின் திருமணத்திற்கென வைத்திருந்த பணமும் ஓய்வூதியமும் நகையும் அதில் சென்றன. நிறுவனர் அடுத்த மாதமே தில்லியில் கைது செய்யப்பட்டார். இழந்த முதல் முழுமையாக மீளவில்லை.

ஏமாற்று ஒரு சமுதாயத்துக்கு மட்டும் உரியதன்று. 2022இல் வெளிப்பட்ட ஆருத்ரா நிறுவன வழக்கில் தமிழகத்தில் எல்லாச் சமயத்தாரும் பாதிக்கப்பட்டனர். ஆயினும் நம்மவர் ஏமாந்த வழி தனித்தன்மை வாய்ந்தது. வங்கி வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்னும் இறையச்சமே அவர்களை அந்த வாசலுக்கு அழைத்துச் சென்றது. ஹலால் என்னும் சொல் கிடைத்ததும் கேள்வி நின்றுவிட்டது. தங்க விலை ஏறினாலும் இறங்கினாலும் மாதந்தோறும் எப்படி இலாபம் வருகிறது, கிழிந்த வலை என்னும் பக்கம் இந்நூலில் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. ஹராமைத் தவிர்க்க மட்டும் கற்பித்து, ஹலாலைச் சோதிக்கக் கற்பிக்காமல் விட்ட குறை நம்முடையது.

நமக்குரிய நூல்கள்

நம் பிள்ளைகளுக்கான படநூல்களுக்குக் கருப்பொருள் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

யூசுஃப் (அலை) அவர்கள் கூறிய கனவு விளக்கம் (12:47-49) சேமிப்பிற்கான சிறந்த கதை. ஏழாண்டுகள் விதைத்து, உண்பதற்குரிய சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொல்கிறார்கள். பின்வரும் ஏழு பஞ்ச ஆண்டுகள் அதனை உண்கின்றன. அப்போதும் சிறிது மட்டும் காத்து வைக்கப்படுகிறது. இங்கே தானியம் பெருகவில்லை, காக்கப்படுகிறது. சேமிப்பின் முதற்பயன் பெருக்கமன்று, பாதுகாப்பே என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது. நபியின் உருவத்தை வரையாமலே பசுக்கள், பசுங்கதிர், காய்ந்த கதிர், களஞ்சியம் ஆகியவற்றைக்கொண்டு முழுக் கதையையும் சொல்லிவிடலாம். முன்னர்க் குறிப்பிட்ட எளிய வழி இதுவே.

குகைத் தோழர்கள் உறங்கி எழுந்து, தம்முள் ஒருவரிடம் வெள்ளிக்காசைக் கொடுத்து உணவு வாங்கிவர அனுப்பினர் (18:19). காலங்கடந்த அக்காசே அவர்களைக் காட்டிக்கொடுத்ததாக விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். பணத்திற்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்னும் கடினமான வினாவை இக்கதையிலிருந்து தொடங்கலாம். நம் ஊரின் பெயராலேயே ஒரு காலத்தில் 'பரங்கிப்பேட்டை வராகன்' என்னும் பொன் நாணயம் வழங்கியது. இன்று அது நாணயச் சேகரிப்பாளரின் பேழையில் மட்டும் இருக்கிறது. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30உடன் செல்லாதனவாயின. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய்த் தாள்களுக்கு நேர்ந்ததைப் பிள்ளைகளுக்குப் பாட்டிமாரே சொல்வர். காசின் மதிப்பு மக்கள் அதன்மீது வைக்கும் நம்பிக்கையிலும் ஆட்சியின் ஆணையிலும் நிற்கிறது என்பது குழந்தைக்கும் விளங்கும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (இறப்பு 1111) 'இஹ்யா'வின் நன்றி செலுத்துதல் பற்றிய நூலில், ஓர் உரொட்டி நம் முன் வருவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைவினைஞர்கள் உழைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு தையல் ஊசி, ஊசி செய்வோனின் கையில் இருபத்தைந்து முறை சென்று வந்த பின்னரே முழுமை பெறுகிறது என்றும் எழுதுகிறார்கள். வேலைப் பகுப்பை விளக்க ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிலின் பதினெட்டுச் செயல்களைக் காட்டியது 1776இல். ஓர் உரொட்டியிலிருந்து பின்னோக்கிச் சென்று மாவு, ஆலை, லாரி, களம், வயல், மழை என்று பக்கம் பக்கமாக விரியும் படநூல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பொருளியலும் ஷுக்ரும் ஒரே நூலில் அமைந்துவிடும்.

அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் சூரத்துல் முதஃப்ஃபிஃபீனுக்கு ஒரு தராசு போதும். கடனை எழுதிவைக்கப் பணிக்கும், திருமறையிலேயே நீண்ட வசனத்திற்கு (2:282) ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும்.

வீட்டில் தொடங்குவது

நூல் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் பெருநாள் காசை மண் உண்டியலில் இடாமல் கண்ணாடிச் சாடியில் இடுவோம். கூடுவதும் குறைவதும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அருகில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். பெற்றோர் அதிலிருந்து எடுக்க நேர்ந்தால் பிள்ளையின் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்டுக் குறித்த நாளில் திருப்பித் தரட்டும். தந்தை கையொப்பமிடுவதைக் கண்ட பிள்ளைக்கு அமானிதம் என்னும் சொல்லை விளக்க வேண்டியிராது.

தர்மத்தைப் பழக்கும்போது, பிள்ளையின் சொந்தப் பொருளைப் பிறர்க்கு வழங்கச் செய்வது சட்டப்படி செல்லாது என்பதால், நம் பணத்தைக் கொடுத்து அதன் கையால் இடச் செய்வோம். வாரம் ஒருமுறையேனும் கைப்பேசியை ஒதுக்கிவைத்து ரொக்கத்தோடு மீன் சந்தைக்கு அழைத்துச் செல்வோம். கூறு போட்டு விற்கும் மீனில் எந்தக் கூறு நல்லது என்று பார்த்துப் பேரம் பேசுவதைப் பிள்ளையிடம் விட்டு, முடிவை நாம் செய்வோம். இமாம் நவவி விதித்த தேர்வு அதுவே.

10 வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இல் அறிவித்து, 2025இல் அவ்விதிகளைத் திருத்தி உறுதிசெய்தது. சம்பளமும் கல்வி உதவித்தொகையும் ஹஜ் பயணக் கட்டணமும் வங்கி வழியே செல்லும் காலத்தில் வங்கியைக் கண்டு பிள்ளைகள் அஞ்சத் தேவையில்லை. கணக்கில் சேரும் வட்டித் தொகையைத் தனியே குறித்து, நன்மையை நாடாமல் ஏழையர்க்குக் கொடுத்துவிடுமாறு உலமாக்கள் பலர் வழிகாட்டியுள்ளனர். அதைப் பிள்ளையைக்கொண்டே கணக்கிடச் செய்தால் அதுவே ஒரு பாடம். நம்மவர் பலர் சென்று வாழும் மலேசியாவில், ஹஜ்ஜுக்கெனச் சிறுகச் சிறுகச் சேமிக்கும் நிறுவனம் 1963 முதல் இயங்கி வருகிறது. அது வட்டி தருவதில்லை, முதலீட்டில் வந்த இலாபத்தையே பகிர்கிறது. முயன்றால் மாற்று வழி அமையும் என்பதற்கு அது சான்று.

அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, சிறுவர்கள் விற்பதைப் போல எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள். அவ்வழியே சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அச்சிறுவரின் வணிகத்தில் பரக்கத் செய்யுமாறு இறைவனிடம் வேண்டியதாக ஓர் அறிவிப்பு உண்டு. தந்தையை முஃத்தா போரில் இழந்த பிள்ளை அவர். பின்னாளில் தம் காலத்தின் மிகப் பெரும் கொடையாளராகப் புகழ்பெற்றார். வாங்கவும் விற்கவும் சிறு வயதிலேயே பழகிய கைதான் பின்பு வாரி வழங்கியது. நம் பிள்ளைகளின் சிறு கைகளிலும் அல்லாஹ் அந்தப் பரக்கத்தை வைப்பானாக! அவர்களிடமிருந்து நாம் வாங்கி வைத்த பெருநாள் காசைத் திருப்பித் தரும் தவ்ஃபீக்கை நமக்கும் தருவானாக! ஆமீன்.